பெரிய பேட்டரிக்குக் காத்திருக்கணுமா?

போன பதிவுல மகன் கரண்டு கார் புக் பண்ணியிருக்கான்னு ஒரு வரி எழுதிட்டு விட்டுட்டேன். அதுல இருந்து மெட்ராஸ் நண்பர்கள் ரெண்டு மூணு பேர் போன் போட்டுக் கேட்டாங்க: "ஊர்ப்பக்கம் அது சரிப்படுமா? பாதி வழியில நின்னுட்டா?" அதைப் பத்தி எழுதறேன்.

எங்க வீட்டுக்குக் கார் ஆடம்பரத்துக்கு இல்லை. வீட்டம்மாவுக்கு வாரம் ரெண்டு நாள் டயாலிசிஸ். பெரியபாளையத்துல இருந்து ஜனப்பன்சத்திரம், செங்குன்றம் தாண்டி மெட்ராஸ் போய்த் திரும்பினா சுமார் 90 கிலோமீட்டர். போகும்போது பஸ்ல உக்காந்து போயிடலாம். வரும்போது தலை நிக்காது. அதனால வாடகைக் கார். ஒரு தடவைக்கு 1,800 ரூபாய், வாரத்துக்கு 3,600. மல்லியும் கத்திரியும் எவ்வளவு கொடுக்கும்னு உங்களுக்கே தெரியும்.

மகன் கும்மிடிப்பூண்டி சிப்காட்ல வேலை. லோன் அவன் பேர்ல. புக் பண்ணினது 25 யூனிட் பேட்டரி வண்டி. டெலிவரி நெருங்கற நேரத்துல, அதே வண்டி பெரிய பேட்டரியோட வரப்போகுது, ரெண்டு மாசம் பொறுத்தா அதையே எடுத்துக்கலாம், ஒண்ணேகால் லட்சம் கூட ஆகும்னு ஷோரூம்ல சொல்லியிருக்காங்க. அன்னைக்கு ஆரம்பிச்ச பேச்சு வீட்டுல பத்து நாள் ஓடிச்சு.

இந்த விஷயத்துல பேட்டரி மாறிக்கிட்டேதான் இருக்கும். டாடா நெக்ஸான் கதையைப் பாருங்க. 2020 ஜனவரியில வந்தப்ப 30.2 யூனிட், ஒரு சார்ஜுக்கு 312 கிலோமீட்டர்னு கணக்கு. 2022 மே மாசம் 40.5 யூனிட், 437. 2023 செப்டம்பர்ல வண்டியை மாத்தினாங்க, அதே 40.5 யூனிட்டுக்கு 465. சரியா ஒரு வருஷத்துல, 2024 செப்டம்பர்ல, 45 யூனிட், 489. ஒவ்வொரு தடவையும் முந்தின மாசம் வண்டி எடுத்தவன் வயித்தெரிச்சல் பட்டிருப்பான். நெல்லு விதை மாதிரிதான் இது. அடுத்த வருஷம் நல்ல ரகம் வரும்னு இந்தப் பட்டத்தை விட்டுட முடியுமா?

அந்தக் கிலோமீட்டர் கணக்கையும் அப்படியே நம்பக்கூடாது. வண்டியை உருளை மேல ஏத்தி, ஏசி இல்லாம, நிதானமான வேகத்துல ஓட்டிப் பாத்துப் போடற நம்பர் அது. ஜி.என்.டி. ரோட்டுல லாரிக்கு நடுவுல, கத்திரி வெயில்ல ஏசி போட்டுக்கிட்டுப் போறது வேற. அதனால நான் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

கம்பெனி சொல்றது 300 சொச்சம். நிஜத்துல ஒரு யூனிட்டுக்கு 8 கிலோமீட்டர்னு வெச்சா 200. அடியில நூத்துக்கு இருபது தொடாம வெச்சுக்கணும், மிச்சம் 160. பேட்டரிக்கு 8 வருஷம், 1,60,000 கிலோமீட்டர் வாரண்டின்னு பல கம்பெனி கொடுக்கறாங்க. அந்த எட்டு வருஷத்துல நூத்துக்கு இருபது தேஞ்சு போச்சுன்னே வெச்சுக்குங்க, 128. நமக்கு வேண்டியது 90. எட்டாவது வருஷத்துலயும் போய்த் திரும்பி வரலாம்.

மகன் ஒத்துக்கலை. "அப்பா, மிக்ஜாம் புயலை மறந்துட்டீங்களா?"ன்னான். 2023 டிசம்பர். மெட்ராஸ்லயே பல இடத்துல நாள் கணக்குல கரண்டு இல்லை. இங்க கேக்கணுமா? பிச்சாட்டூர் அணையைத் திறந்தா ஆரணியாத்துல தண்ணி வந்து சுத்திக்கிட்டு வேற போகணும். பெரிய பேட்டரின்னா ஒரு சார்ஜுல ரெண்டு தடவை போய் வந்துடலாம்னு அவன் வாதம். நியாயமான பேச்சுதான். புயலுக்கு ரெண்டு நாள் முன்னாடியே வானிலைக்காரங்க சொல்லிடறாங்க, அன்னைக்கே முழுசா ஏத்தி வெச்சா ஒரு தடவை நிச்சயம்னு சொன்னேன். அவன் தலையாட்டினான், ஆனா மனசு ஆறலை.

சின்ன பேட்டரியோ பெருசோ, வீட்டுல கரண்டு ஒழுங்கா இருக்கணும். சாயங்காலம் ஊர்ல மோட்டார் எல்லாம் ஓடும்போது வோல்டேஜ் இறங்கிடும். எர்த் சரியில்லேன்னா சார்ஜர் ஏத்தவே மாட்டேங்குமாம். அதனால எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, உப்பும் கரியும் போட்டுப் புதுசா எர்த் குழி எடுத்து, 15 ஆம்பியர் பிளக்குக்குத் தனி ஒயர் இழுத்தாச்சு. 25 யூனிட் ஏற எட்டொன்பது மணி நேரம். ராத்திரி போட்டா காலையில ரெடி.

மோட்டார் கொட்டாயில இலவச கரண்டு இருக்கே, அங்க போடலாமேன்னு ஒருத்தர் யோசனை சொன்னார். அது பயிருக்குத் தண்ணி இறைக்கக் கொடுத்தது. அதுல கார் ஏத்தறது திருட்டு. வீட்டு மீட்டர்லயே ஏத்தினாலும் 90 கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு பதிமூணு யூனிட். யூனிட்டு பத்து ரூபாய்ன்னு கூட்டியே போட்டாலும் 130 ரூபாய். 1,800 எங்க, 130 எங்க!

இந்தப் பேச்சையெல்லாம் வீட்டம்மா திண்ணையில சாஞ்சுக்கிட்டுக் கேட்டுக்கிட்டே இருந்தா. ஒரு நாள் டயாலிசிஸ் முடிஞ்சு வந்த சாயங்காலம், மெதுவா சொன்னா: "வண்டி எவ்ளோ தூரம் போவும்னே பேசிக்கினு இருக்கீங்க. எப்ப வரும், அதைச் சொல்லுங்க."

மகன் வாயைத் திறக்கலை. நானும்தான்.

அப்புறம் நோட்டுல கடைசிக் கணக்கைப் போட்டேன். ரெண்டு மாசம்னா எட்டு வாரம். வாரம் 3,600. மொத்தம் 28,800 ரூபாய் வாடகை. அதோட ஒண்ணேகால் லட்சம். வருஷத்துல நாலஞ்சு நாள் பயத்துக்காக அவ்வளவு கொடுக்கறதை விட, வாரத்துல ரெண்டு நாள் நிச்சயமா இருக்கற கஷ்டத்தை முதல்ல தீர்க்கணும். மகன்கிட்ட நோட்டைக் கொடுத்தேன். ரெண்டு தடவை கூட்டிப் பாத்துட்டு ஷோரூமுக்குப் போன் பண்ணிட்டான். சின்ன பேட்டரியே போதும்னுட்டான்.

கரண்டு கார் வாங்க நினைக்கற பட்டணத்து நண்பர்களுக்கு ஒண்ணு சொல்றேன். விளம்பரத்துல இருக்கற கிலோமீட்டரை அப்புறம் பாருங்க. வாரம் முழுக்க நீங்க எங்கெங்க போறீங்க, அதுல நீளமான பயணம் எது, ராத்திரி எங்க பிளக் மாட்டுவீங்க, இந்த மூணையும் முதல்ல ஒரு தாள்ல எழுதுங்க. காத்திருக்கற நாளுக்கு என்ன செலவுன்னும் எழுதுங்க. அதை ஷோரூம்ல யாரும் சொல்ல மாட்டாங்க.

வண்டி இன்னும் பன்னிரண்டு நாள்ல வருதாம். பவானியம்மன் கோயில்ல பூஜை போட்டுட்டு, அடுத்த டயாலிசிஸுக்கு அதுலதான். ஓட்டிப் பாத்து, யூனிட்டுக்கு நிஜமா எத்தனை கிலோமீட்டர் வருதுன்னு எழுதறேன்.