கண் போடும் கணக்கு



எங்கப்பா பெயிண்டர். ஊரப்பாக்கத்தில் ஒரு புது வீட்டு ஹாலில், சாம்பல் கலரிலேயே வெளுப்பு, நடுத்தரம், அடர்த்தி என்று மூணு ஷேடு பட்டைகள் அடுத்தடுத்து அடித்தார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு கொண்டு போனேன். வீட்டுக்காரர், "என்னப்பா, நடுப்பட்டை ஓரத்துல மட்டும் பளிச்சுனு இருக்கு? ஒரு கோட் ஒழுங்கா விழலையே" என்றார். "ஒரே டப்பா பெயிண்ட் சார்" என்று அப்பா சொல்லி, பக்கத்துப் பட்டைகள் இரண்டையும் பேப்பரால் மறைத்துக் காட்டினார். நடுப்பட்டை ஒரே சீராகத் தெரிந்தது! பேப்பரை எடுத்ததும் மறுபடியும் பளிச்! அவர் நம்பவில்லை. கூலியில் 500 ரூபாய் பிடித்துக்கொண்டார்.

இது ஏன் என்று எங்கள் அறிவியல் ஆசிரியரிடம் கேட்டேன். விழித்திரையில் ஒளி படும் ஒவ்வொரு இடமும், தன் பக்கத்து இடத்தின் செய்தியைக் கொஞ்சம் அடக்குமாம். வகுப்பில் இரண்டு பக்கமும் கத்துகிறவர்கள் இருந்தால் நம் குரல் எடுபடாது அல்லவா, அதுபோல!

ஒரு கணக்கு போடுவோம். வெளிச்சப் பக்கம் 10, இருட்டுப் பக்கம் 5. ஒவ்வொரு இடமும் தன் அளவில் பத்தில் ஒரு பங்கை இரு பக்கத்தாரிடமிருந்தும் குறைக்கிறது.

வெளிச்சத்தின் நடுவில்: 10 - 1 - 1 = 8
வெளிச்சத்தின் ஓரத்தில்: 10 - 1 - 0.5 = 8.5
இருட்டின் ஓரத்தில்: 5 - 1 - 0.5 = 3.5
இருட்டின் நடுவில்: 5 - 0.5 - 0.5 = 4

பார்த்தீர்களா? ஓரத்தில் வெளிச்சம் கூடுகிறது, இருட்டும் கூடுகிறது. சுவரில் இல்லாத கோடு கண்ணில் வருகிறது! பொருள்களின் விளிம்பைச் சட்டென்று கண்டுபிடிக்கத்தான் கண் இப்படிச் செய்கிறது.

இந்தப் பட்டைகளை 1865-இல் விளக்கியவர் எர்ன்ஸ்ட் மாக். விமான வேகத்தைச் சொல்லும் 'மாக் எண்' இவர் பெயர்தான். பக்கத்துச் செல்லை அடக்கும் இந்த வேலையை லாட நண்டின் கண்ணில் அளந்து காட்டியவர் ஹார்ட்லைன். கண்ணைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1967-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் இவரும் ஒருவர். லாட நண்டின் வேறு இனங்கள் நம் நாட்டில் ஒடிசா கடற்கரையிலும் உண்டு.

செய்து பாருங்கள்: இரவில் டியூப் லைட்டின் கீழ் வெள்ளைத்தாள் வைத்து, அதற்கு மேலே நோட்டைப் பிடியுங்கள். நிழல் தொடங்கும் இடத்தில் மெல்லிய வெள்ளைக்கோடு தெரியும். தாளில் அப்படி ஒரு கோடே கிடையாது!

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். ஒருவர் உழைப்பில் குறை சொல்லும் முன் ஒரு பேப்பரை வைத்து மறைத்துப் பார்ப்போமே!

- 9-ஆம் வகுப்பு மாணவி