எல்லை தாண்டும் சிப்ஸ்

பாறசாலையைக் கடந்து இஞ்சிவிளை வந்தால் கேரளம் முடிகிறது. அடுத்தது களியக்காவிளைச் சந்தை, தமிழ்நாடு. 1956 நவம்பர் 1 வரை இரு பக்கமும் ஒரே மாநிலம். அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்துக்கு வந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கியது.

வீட்டின் பின்கட்டில் ஏத்தங்காய் சிப்ஸ் பொரித்து விற்க நினைக்கும் பாறசாலைக் குடும்பத்துக்குத் தொடக்கத்தில் பெரிய தடையில்லை. உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. கேரளத்தின் 2019 சட்டப்படி, சுய உறுதிமொழி கொடுத்து ஒப்புகைச் சான்று வாங்கினால் பல உரிமங்கள் இல்லாமலே 3 ஆண்டு தொழில் நடத்தலாம். உணவுப் பாதுகாப்புப் பதிவு மட்டும் தனி.

சிக்கல் விற்கும்போதுதான். மாநிலத்துக்குள்ளேயே விற்றால், ஆண்டு விற்பனை 40 லட்ச ரூபாயைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம். ஏறக்குறைய 600 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காசர்கோட்டுக்கு மூட்டை மூட்டையாக அனுப்பலாம். பக்கத்துக் களியக்காவிளைக் கடைக்குப் பத்து பாக்கெட் போட்டாலோ அது மாநிலம் கடந்த வணிகம்; முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம்!

பதிவு இலவசம்தான். ஆனால் விற்பனையே இல்லாத காலத்துக்கும் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். கணக்கெழுதுபவருக்குக் கொடுக்கும் பணத்திலேயே சின்ன லாபம் கரைந்துவிடும். அமரவிளையில் லாரிகளை மறித்த வணிகவரிச் சோதனைச் சாவடி 2017-ல் ஜிஎஸ்டி வந்தபின் போய்விட்டது. பெரிய வியாபாரிக்கு நிம்மதி. ஸ்கூட்டரில் மூட்டை கட்டுபவருக்கு அதனால் பயனில்லை.

களியக்காவிளைக்காரர் வீட்டுக்கென்று பாறசாலைக் கடைக்கே வந்து வாங்கிப்போனால் இந்தத் தொல்லை கிடையாது.