லோடு கொடுத்தால்தான் தெரியும்

சென்னை புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகங்கள் குவிந்து கிடக்கும் சந்துகளுக்குள் கார் எலக்ட்ரீஷியன்களின் கடைகளும் உண்டு. நான் போன கடையில் ஒரு வைஸ், சுருட்டி மாட்டிய ஒயர்கள், பிரித்துப் போட்ட செல்ஃப் மோட்டார்கள். மாஸ்டரும் ஒரு பையனும்.

கயிறு கட்டி இழுத்து வந்த காரிலிருந்து இறங்கியவர், "பேட்டரி போயிடுச்சு மாஸ்டர், புதுசு போட்டுடுங்க" என்றார்.

"ஹெட்லைட்டைப் போட்டுட்டு சாவியைத் திருப்புங்க சார்."

'டக்' என்றதோடு சரி, இன்ஜின் சுற்றவில்லை. விளக்கும் மங்கவில்லை. பேட்டரி வீக்காக இருந்தால் விளக்கு சட்டென்று இறங்கியிருக்கும், 'டகடக' என்று சத்தம் வரும் என்றார் மாஸ்டர். மல்டிமீட்டர் 12.6 வோல்ட் காட்டியது, முழு சார்ஜ். ஆனால் அதை அவர் நம்பவில்லை. சும்மா நிற்கும்போது செத்த பேட்டரியும் 12 காட்டும். செல்ஃப் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே போகிறதா என்பதுதான் கேள்வி. இது போகவில்லை.

அடுத்து மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும், மறுமுனையை இன்ஜினிலும் வைத்துச் சாவியைத் திருப்பச் சொன்னார். அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாத இடத்தில் பல வோல்ட் காட்டியது. பையன் வண்டிக்கு அடியில் புகுந்தான். இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் ஒயரின் முனை பச்சை பூத்திருந்தது. கழற்றி, எமரித் தாளால் தேய்த்து முடுக்கினான். ஒரே திருப்பில் இன்ஜின் எழுந்தது.

ஓடும்போது 14.2 வோல்ட். 13.8 முதல் 14.5 வரை இருந்தால் டைனமோ நலம். ஆல்டர்னேட்டர் வந்து பல காலமாகியும் இங்கே அதற்குப் பெயர் டைனமோதான். 12-க்கு இறங்கினால் பெல்ட், கார்பன், டயோடு என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கோளாறு. பேட்டரி தண்ணீர் கொதித்து வற்றிவிடும். வண்டி ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றி டைனமோவைச் சோதிப்பது பழைய வழக்கம். இன்றைய காரில் அப்படிச் செய்தால் வோல்டேஜ் எகிறி டயோடும் கம்ப்யூட்டரும் போய்விடும்.

புது மாடல்களில் சார்ஜிங்கைக் கம்ப்யூட்டரே தேவைக்கேற்பக் குறைக்கிறது. 13-க்குக் கீழே காட்டினாலும் எல்லா நேரமும் பழுதென்று சொல்ல முடியாது. கார்பன் மாற்றி, ஆர்மேச்சர் தேய்த்துக் கற்ற கைகள் இப்போது ஸ்கேனரும் பழகுகின்றன.

கூலி கேட்டபோது வண்டிக்காரர் முகம் சுளித்தார்: "ஒரு நட்டை முடுக்கினதுக்கா?" புது பேட்டரிக்குப் பல ஆயிரம் தரத் தயாராக வந்தவர்தான் அவர். பொருளை மாற்றினால் பில் கொடுக்கலாம்; மாற்ற வேண்டாம் என்று கண்டுபிடித்ததற்கு எந்தப் பில்லும் இல்லை. மாஸ்டர் கூலியில் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். நேர்மையாகப் பழுது பார்ப்பவர்களுக்கு இந்தத் தொழிலில் நஷ்டம் இப்படித்தான் வருகிறது.