64 புள்ளிகளில் ஒரு பெயர்

ஆங்கிலப் பெயரை மின்விளக்குப் புள்ளிகளில் எழுதுவது ஒரு பிரச்னையே இல்லை. அகலத்தில் 5, உயரத்தில் 7 புள்ளிகள் இருந்தால் 26 பெரிய எழுத்துகளும் அடங்கிவிடும்; எந்தப் புள்ளி எரிய வேண்டும் என்று யாரோ எப்போதோ தீர்மானித்து வைத்துவிட்டார்கள். என் மகள் சட்டையில் குத்திக்கொள்ள எரியும் பெயர்ப் பட்டை ஒன்று செய்ய உட்கார்ந்தேன். அவள் பெயரின் நடுவில் ஒரு 'ழி' இருக்கிறது. தீர்மானங்கள் என் தலையில் விழுந்தன.

ஆங்கிலத்திலேயே போட்டுவிடலாமே என்றார் ஒரு நண்பர். (கவிதை எழுதுகிறவர்.) ழகரத்துக்கு நாம் போடும் அந்த இரண்டு ஆங்கில எழுத்துகளை, ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் எவரும் ழ என்று வாசிக்கப் போவதில்லை. பின் யாருக்காக?

என்னிடம் இருந்தது 8 வரிசை, 8 நிரை கொண்ட சிவப்பு எல்.இ.டி. சதுரம். 'ழி'யின் வாலுக்குக் கீழே இரண்டு வரிசை, கொக்கிக்கு மேலே இரண்டு வரிசை போக, உடலுக்கு மிஞ்சுவது நாலு. பஸ்களின் நெற்றியில் ஓடும் தமிழுக்கு இந்த நெருக்கடி இல்லை. அது பெரிய பலகை. பெரியார் 1935-இல் கைக்கொண்ட எழுத்து மாற்றத்தை அரசு 1978-இல் ஏற்றபோது ணை, லை முதலியவற்றின் பழைய வடிவங்கள் போயின. இகர உகரக் குறிகளை யாரும் தொடவில்லை. தொட்டிருந்தால் என் வேலை சுலபமாகியிருக்கும். தொடாததில் எனக்குச் சந்தோஷம்தான்.

இந்தச் சதுரத்துக்குக் கால்கள் 16 மட்டுமே. ஆகவே 64 விளக்குகளையும் தனித்தனியாக ஒரே சமயத்தில் ஆள முடியாது. ஒரு வரிசை எரிந்து அணைகிறது, பிறகு அடுத்தது. நொடிக்கு நூறு தடவை இந்தச் சுற்று. எந்தக் கணத்தை நிறுத்திப் பார்த்தாலும் எழுத்து அங்கே இல்லை, அதன் ஒரு கீற்றுதான். முழுசாக்குவது பார்க்கிறவரின் கண். படிமம் பற்றி நாம் பக்கம் பக்கமாகச் சண்டை போட்ட விஷயம் இங்கே மேஜை மேல் சிரமமில்லாமல் நடந்துகொண்டிருந்தது.

பட்டன் பாட்டரி வைத்தால் பட்டை மெல்லியதாக இருக்கும். வைக்கவில்லை. குழந்தை விழுங்கி அது தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடக்கூடியது. பென்சில் பாட்டரி இரண்டு, திருகாணி போட்ட மூடி. பட்டை கனத்துவிட்டது, சட்டை ஒரு பக்கம் இழுக்கிறது.

எழுத்துக்குக் கட்டத்தாளில் இரண்டு வரைவுகள் போட்டிருந்தேன். முதலாவதில் வால் அளவாக மடங்கியது, அச்சுப் புத்தகத்தில் இருப்பதுபோல. இரண்டாவதில் உடல் குறுகி, வால் பெரிதாகக் கீழே சுருண்டது. எனக்கு முதலாவதுதான் பிடித்தது. அவள் யோசிக்காமல் இரண்டாவதைத் தொட்டாள். அவள் நோட்டில் எழுதுகிற 'ழி' அப்படித்தான் இருக்கிறது.