கூட்டாளியும் ரசிகனும்

'டான் 2' சூடு பிடிப்பதே எங்கள் ஊரில்தான். ஆசியப் போதைப்பொருள் வியாபாரத்தைக் கைக்குள் வைத்திருக்கும் டான், கோலாலம்பூரில் இண்டர்போல் அதிகாரிகள் முன் தானாகவே வந்து சரணடைகிறான். மலேசியச் சிறையில் பழைய பகைவன் வர்தானைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு தப்பிக்கிறான். அதன் பிறகு படம் சூரிச், பெர்லின் என்று பறந்துவிடுகிறது. 2011 டிசம்பரில் வந்த படம். ஷாருக் கான், பிரியங்கா சோப்ரா, போமன் இரானி, லாரா தத்தா, ஓம் பூரி என்று திரை நிறைய நட்சத்திரங்கள். யூரோ நோட்டு அச்சடிக்கும் தகடுகளை பெர்லின் வங்கியிலிருந்து திருடுவதுதான் கதை. 2006இல் வந்த முதல் 'டான்' படத்துக்கு இது ஈடாகுமா என்றால், ஆகாது என்பேன். வேலைத்தரம் குறைந்துவிட்டது என்பதற்காக அல்ல. சண்டைக் காட்சிகளில் இரண்டாவது படம் ஒரு படி மேல் என்றே சொல்லலாம்.

முதல் படத்தின் கதை பழையது. சலீம்-ஜாவேத் எழுதி, 1978இல் அமிதாப் பச்சன் நடித்தது. 1980இல் ரஜினிகாந்தின் 'பில்லா'வாகத் தமிழுக்கு வந்தது. 2006இல் ஜாவேத் அக்தரின் மகன் ஃபர்ஹான் அக்தர் அதை மறுபடி எடுத்தபோது கோலாலம்பூருக்குக் கொண்டுவந்தார். மறு ஆண்டே விஷ்ணுவர்தன் இயக்கிய அஜித்தின் 'பில்லா'வும் இங்கே வந்து இறங்கியது. அதுவரை தமிழ்ப்படத்துக்கு மலேசியா பெரும்பாலும் பாட்டுக்கு வந்துபோகும் இடம். இதில் கதையே இங்கே நடந்தது. பத்துமலையில், 2006 ஜனவரியில் திறக்கப்பட்ட 42.7 மீட்டர் முருகன் சிலையின் காலடியில் 'சேவல் கொடி' பாட்டு. கிள்ளானிலிருந்து தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்துப் போகிறவர்களுக்கு அந்தப் படிகள் பாதத்துக்குப் பழக்கமானவை. அதே படிகளைத் திரையில் பார்த்தபோது, அஜித் எங்கள் வீட்டுக்கு வந்துபோனது போல இருந்தது. எந்தச் சாலையில் கார் திரும்புகிறது, எந்தக் கட்டடத்துக்குப் பின்னால் எது இருக்கிறது என்றெல்லாம் எங்களுக்குத் தெரியும். திரையில் நடப்பதில் எங்களுக்கும் ஒரு பங்கு இருந்தது.

திருட்டுப் படத்துக்கு இந்தப் பங்குதான் உயிர். நல்ல திருட்டுப் படம் நம்மைக் கூட்டாளி ஆக்கும். பூட்டு எங்கே, காவல் யார், நேரம் எவ்வளவு என்று முதலில் நம்மிடம் சொல்லும். சொல்லிவிட்டு, நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நம்மையும் ஏமாற்றும். 2006 'டான்' அதைத்தான் செய்தது. அப்பாவி விஜய் என்று நம்பி நாம் பதறிய ஆள் டானேதான் என்று கடைசியில் தெரிகிறது. அந்தப் படத்தில் களவு போனது நம்முடைய நம்பிக்கை. அது நம் கண்ணெதிரிலேயே போனது. அதனால்தான் அவ்வளவு இனித்தது.

இரண்டாவது படத்தில் அந்த ரகசியம் கிடையாது. இவன் யார், என்ன செய்யக்கூடியவன் என்பது முதல் காட்சியிலேயே தெரியும். இவன் தோற்கமாட்டான் என்பதும் தெரியும். நாம் கூட்டாளி நாற்காலியிலிருந்து எழுந்து ரசிகர் வரிசைக்குப் போய்விடுகிறோம்.

என் அக்காள் மகன் இதை ஏற்கமாட்டான். பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடையில் தே தாரேக் ஆறிப்போகும் வரை வாதாடுவான். "ஹீரோ ஜெயிப்பாருன்னு தெரிஞ்சுதானே மாமா எல்லாப் படத்துக்கும் போறோம்? ரஜினி தோத்துட்டா நீங்க பார்ப்பீங்களா?"

நியாயமான கேள்வி. எம்.ஜி.ஆர். காலத்திலிருந்தே நாம் அப்படித்தான் பார்த்து வந்திருக்கிறோம். ஆனால் சண்டைப் படத்தில் வெற்றிதான் விருந்து. திருட்டுப் படத்தில் விருந்து வழிமுறை. வழிமுறையை மறைத்துவிட்டு வெற்றியை மட்டும் காட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஹாலிவுட்டில் ஒரு பெரிய சாட்சி இருக்கிறது.

2001இல் ஸ்டீவன் சோடர்பெர்க் எடுத்த 'ஓஷன்ஸ் லெவன்' லாஸ் வேகஸில் மூன்று சூதாட்ட விடுதிகளின் பணத்தைப் பதினொரு பேர் திருடும் கதை. நிஜப் பெட்டக அறையைப் போலவே ஒன்றைக் கட்டி ஒத்திகை பார்க்கிறார்கள். அதை நமக்கும் காட்டுகிறார்கள். கடைசியில் நம்மை ஏமாற்றுவது அந்த ஒத்திகை அறைதான். 2004இல் வந்த 'ஓஷன்ஸ் ட்வெல்வ்' வேகஸை விட்டு ஆம்ஸ்டர்டாமுக்கும் ரோமுக்கும் போனது. அதன் திரைக்கதை முதலில் ஜார்ஜ் நோல்ஃபி வேறொரு படத்துக்காக எழுதியது. பிறகுதான் இந்தக் கூட்டத்துக்கு ஏற்ப மாற்றப்பட்டது. திருட வேண்டியது ஒரு ஃபாபெர்ஜே முட்டை. அதற்காக ஒரு மணி நேரம் நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, அதை ரயிலிலேயே எப்போதோ எடுத்துவிட்டோம் என்று முடிவில் சொல்கிறார்கள். நமக்குக் காட்டாத இடத்தில், நம் முதுகுக்குப் பின்னால் நடந்த திருட்டு. அந்த ஒரு மணி நேரம் நாம் பட்ட பதற்றம் வீண் என்று தெரிந்தபோது எனக்கு வலித்தது.

அதில் ஜூலியா ராபர்ட்ஸ் ஏற்ற பாத்திரம் 'ஜூலியா ராபர்ட்ஸ்' போல நடித்து உள்ளே நுழைகிறது. 'டான் 2'இல் ஒரு விருந்துக்கு டான் ஹிருத்திக் ரோஷனின் முகத்தோடு வருகிறான். இரண்டிடத்திலும் அறிவால் திறக்க வேண்டிய பூட்டை நட்சத்திரப் புகழ் திறக்கிறது. அரங்கம் கைதட்டும், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கைதட்டல் நடிகருக்கு. திருடனுக்கு அல்ல.

2007இல் 'ஓஷன்ஸ்' வரிசையின் மூன்றாவது படம் வேகஸுக்கே திரும்பியது. கூட்டத்தின் மூத்தவர்களில் ஒருவரான ரூபன் ஏமாற்றப்பட்டு மாரடைப்பில் விழுகிறார். அவருக்காக மற்றவர்கள் ஒன்றுசேர்கிறார்கள். காரணம் இருக்கிறது, தெரிந்த ஊர் இருக்கிறது, திட்டத்திலும் நமக்கு இடம் இருக்கிறது. முதல் படத்தின் உலக வசூல் சுமார் 45 கோடி டாலர், இரண்டாவது 36 கோடி, மூன்றாவது 31 கோடி. மூன்றில் குறைவாகச் சம்பாதித்த இதை இரண்டாவதை விட நூறு மடங்கு மேலான படமாக மதிக்கிறேன்.

தமிழுக்குத் திரும்பினால், 'பில்லா 2' (2012) பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு வருத்தம்தான் மிஞ்சும். முன்கதைக்குப் போன படம். இலங்கையிலிருந்து அகதியாக ராமேஸ்வரம் முகாமுக்கு வரும் டேவிட். இதைவிடக் கனமான தொடக்கம் வேறு என்ன வேண்டும்? அந்த முகாமிலேயே இன்னும் அரை மணி நேரம் நின்றிருக்கலாம். கோவாவுக்கும் ஜார்ஜியாவுக்கும் ஓடிவிட்டது.

'மங்காத்தா'வுக்கு இரண்டாம் பாகம் வேண்டும் என்று கேட்காத அஜித் ரசிகர் கிள்ளானில் இருக்கமாட்டார். வெங்கட் பிரபு இயக்கிய, அஜித்தின் ஐம்பதாவது படம். 2011 ஆகஸ்டு 31 அன்று, எங்கள் மெர்டேக்கா எனும் சுதந்திர நாளில் வெளிவந்தது. அஜித்தும் அர்ஜுனும் ஆரம்பத்திலிருந்தே கூட்டு என்பதைக் கடைசி நிமிடங்களில் உடைத்த படம். அந்த ரகசியம் இப்போது உலகுக்கே தெரியும். இரண்டாம் பாகம் வருமானால், பணம் எந்த அறையில், எத்தனை பூட்டு, யார் காவல் என்பதை எங்களுக்கும் முன்கூட்டியே காட்டட்டும். அஜித்தின் விநாயக் மாட்டிக்கொள்ளவும் கூடும் என்று ஒரு பத்து நிமிடமாவது நான் நம்ப வேண்டும்.