ஜாம் போத்தல் வெளிச்சம்

மார்கழி பிறந்துவிட்டால் பத்திரிகைக் காரியாலயத்தில் மூச்சுவிட நேரமிராது. நத்தார் சிறப்பிதழ், வாழ்த்து விளம்பரங்கள், ஆயர்களின் செய்திகள். பாலன் பிறப்பைப் பற்றிய கட்டுரைகளை அடுக்கடுக்காகச் செப்பனிட்டுவிட்டு, ஒரு செபம்கூடச் சொல்லாமல் உறங்கிப்போன ஆண்டுகள் எனக்கு உண்டு.

அவ்வேளைகளில் ஸ்கந்தபுரம் நினைவுக்கு வரும். 1996 செப்டெம்பரில் 'சத்ஜய' படைநடவடிக்கையில் கிளிநொச்சி நகரம் வீழ்ந்தபோது சனம் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று சிதறியது. முந்திய ஆண்டுதான் யாழ்ப்பாணத்தை விட்டு வந்திருந்த எங்களுக்கு அது இன்னோர் இடப்பெயர்வு.

திருவருகைக் காலத்தின் நான்கு ஞாயிறுகளுக்கு நான்கு மெழுகுதிரிகள் ஏற்றுவது வழக்கம். பொருளாதாரத் தடையில் மெழுகுதிரிக்கு எங்கே போவது? அம்மா ஜாம் போத்தல் விளக்கொன்றை வைத்தார். அடியில் சிறிது பஞ்சு. அது நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். செபமாலை முடிந்ததும் அதையும் ஊதி அணைத்துவிடுவார். பிறகு இருட்டு. கொட்டிலின் மேல் மாரிமழை. பேச எதுவுமில்லை, போக இடமுமில்லை. வாய்ப்பாடமாக அன்றி நான் முதன்முதலில் செபித்தது அந்த இருட்டில்தான்.

அந்த வாழ்வைப் புனிதமாக்கிச் சொல்ல எனக்கு மனமில்லை. மலேரியா வீடுவீடாகப் படுத்திய மாரி அது.

இப்போதெல்லாம் சிறப்பிதழ் அச்சுக்குப் போன இரவில், வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டுக் கால்மணி நேரம் சும்மா இருக்கிறேன். "கறண்ட் நிண்டிட்டுதே?" என்று முதல் வருடம் மனைவி கேட்டார். மறுவருடம் கேட்கவில்லை. கதிரையை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் அமர்ந்துகொண்டார்.