கடைசி வண்டி வந்து சேர்ந்ததா?

மலைப் பிரயாணத்தை விரும்பாதவர் யார்? ஆண்டு முழுவதும் ஆபீசிலும் அடுக்களையிலும் உழன்று களைத்த நமக்கு, இரண்டு நாள் மலைக்காற்று கிடைத்தால் அதுவே பெரும் பாக்கியம். ஆயினும் மலையழகைக் காணப் புறப்படுமுன் மலைப்பாதையின் இயல்பை அறிந்திருத்தல் அவசியம். அந்தப் பாடத்தை நாங்கள் கற்ற விதத்தை, நம் சங்கத்துக் குடும்பங்களுக்குப் பயன்படுமென்று கருதி இங்கு எழுதத் துணிந்தோம்.

கல்யாணிலும் டோம்பிவிலியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஏழு சேர்ந்து ஒரு மோட்டார்ப் பிரயாணக் குழு வைத்திருக்கிறோம். வண்டிகள் ஆறுதான். ரயில்வேயில் குமாஸ்தா உத்தியோகம் பார்க்கும் எங்களுக்குச் சொந்தக் கார் இல்லை. கால அட்டவணை எழுதும் பழக்கம் உண்டு. ஆகவே நேரக் கணக்கும் சோற்றுக் கணக்கும் எங்கள் பொறுப்பாயின.

2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், மழைக்கால அருவிகளைக் காண மால்ஷேஜ் மலைவழிக்குச் சென்றோம். அப்போது திட்டம் என்று ஒன்றும் இல்லை. "எல்லாரும் மேலே சந்திப்போம்" என்று சொல்லிக்கொண்டு புறப்பட்டோம். போகும்போது குறையேதும் நேரவில்லை. திரும்பி இறங்கும்போது, எங்களுள் இளையவரான தம்பி ஒருவர் பெட்ரோல் மிச்சமாகுமென்று கியரை நியூட்ரலில் தள்ளி, பிரேக்கை மிதித்தபடியே வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். பாதி வழியில் பிரேக் சூடேறிப் பிடிக்காமற் போயிற்று. தெய்வாதீனமாகப் பள்ளத்தின் பக்கம் போகாமல், மலைப்பக்கத்துச் சாக்கடையில் சக்கரம் இறங்கி வண்டி நின்றது. அவர் மனைவிக்கு நெற்றியில் காயம். மடியிலிருந்த குழந்தைக்கு ஒன்றுமில்லை.

இதில் எங்களை இன்றும் வருத்துவது விபத்தன்று. மற்ற ஐந்து வண்டிகளும் அடிவாரத்துத் தேநீர்க் கடைக்கு வந்து, பஜ்ஜி தின்று, படம் எடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு மணி நேரம் வரையில், ஒரு வண்டி வரவில்லை என்பதை எங்களில் ஒருவரும் கவனிக்கவில்லை! மலையில் தொலைபேசி எடுபடவில்லை. அந்தப் பெண் நெற்றியில் ஈரத்துணியுடன் மழையில் நின்று, போகிற வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தப் பார்த்தாளாம்.

ஓராண்டுக்கு மேல் குழு எங்கும் செல்லவில்லை. பிறகு 2024 டிசம்பரில் மகாபலேஷ்வர் செல்வதென்று முடிவாயிற்று. வாயி ஊரிலிருந்து பஸர்ணி மலைவழியாகப் பாஞ்ச்கனிக்கு ஏறி, மகாபலேஷ்வரில் இரவு தங்கி, மறுநாள் அம்பேனளி மலைவழியாகப் போலாத்பூருக்கு இறங்கிக் கொங்கணச் சாலையில் வீடு திரும்புவது. ஆலோசனைக் கூட்டத்தில் முதலில் எழுந்த விவாதம் மாமாவின் வண்டியைப் பற்றியது. மாமா ஓய்வுபெற்ற எஞ்சின் டிரைவர். அவரிடம் இருப்பது பழைய மாருதி 800. "அந்த வண்டி நம்மையெல்லாம் தாமதப்படுத்தும், மாமாவும் மாமியும் எங்கள் வண்டியிலேயே வரட்டும்" என்றனர் இளைஞர் சிலர்.

மாமா கோபிக்கவில்லை. "தம்பி, ஏறுவதற்கு எஞ்சின் போதும். இறங்குவதற்குத்தான் நிதானம் வேண்டும். நான் முப்பது வருஷம் காட் செக்ஷனில் ஓட்டியவன்" என்று மட்டும் சொன்னார்.

அவர் சொன்னதன் பொருளை விளக்குதல் நலம். கல்யாணிலிருந்து பிரியும் இருப்புப் பாதைகளில் ஒன்று கசாரா மலையையும், மற்றொன்று கர்ஜத் வழியே போர் காட் மலையையும் ஏறுகின்றன. 1863-இல் திறக்கப்பட்ட போர் காட் பாதையின் சரிவு 37-க்கு 1. அதாவது 37 அடி சென்றால் ஓர் அடி உயரும். ஏறுகிற ரயிலுக்குப் பின்னாலிருந்து தள்ள வேறு எஞ்சின்கள் பூட்டப்படுகின்றன. இறங்கும் திசையிலோ, கட்டுக்கடங்காமல் ஓடிவரும் வண்டியைத் திருப்பிவிட்டு நிறுத்துவதற்கென்றே மேட்டில் ஏறி முடிகின்ற தனித் தண்டவாளங்கள் உள்ளன. ஏற்றத்தைவிட இறக்கத்துக்கே ரயில்வே அஞ்சுகிறது.

இனி நாங்கள் செல்லவிருந்த பாதையைக் கணக்கிட்டோம். மகாபலேஷ்வர் ஏறக்குறைய 1,350 மீட்டர் உயரத்தில் உள்ளது. கொங்கணத் தாழ்நிலத்தில் இருக்கும் போலாத்பூர் அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர். ரயில்வேயே அஞ்சுகின்ற சரிவுக்கு இது சற்றும் குறைந்ததன்று! 2018 ஜூலை 28 அன்று இதே மலைவழியில் ஒரு பேருந்து பள்ளத்தில் வீழ்ந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதையும் கூட்டத்தில் நினைவூட்டினோம். சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை.

அதன்பின் விதிகள் எழுதப்பட்டன. மலையடிவாரம் வரை அவரவர் வேகம். அடிவாரத்தில் கூடி வரிசை கட்ட வேண்டும். மெதுவான வண்டியே முதலில் செல்ல வேண்டும். ஏனெனில் வேகமான வண்டி முன்னே போனால் வரிசை அறுந்துவிடும். பின்னே வருபவர் எட்டிப் பிடிக்க வேண்டுமென்று துரத்துவார். ஆகவே மாமாவின் மாருதிக்கு முதலிடம் கிடைத்தது! எந்தக் கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்க வேண்டும். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரல் கூடாது. குறுகிய இடத்தில் ஏறிவருகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும். வண்டிக்கு வண்டி நல்ல இடைவெளி விட வேண்டும். பின்னால் ஊரார் வண்டிகள் தேங்கினால், அகலமான இடத்தில் ஒதுங்கி வழிவிட வேண்டும்.

கடைசி விதி நாங்கள் சொன்னது. ஒவ்வொரு ரயிலின் கடைசிப் பெட்டியிலும் 'எல்.வி.' என்ற எழுத்துப் பலகை தொங்குவதை நேயர்கள் கண்டிருக்கலாம். கடைசி வண்டி என்பதே அதன் பொருள். இரவில் சிவப்பு விளக்கும் உண்டு. அதைக் கண்ணால் கண்ட பிறகே, ரயில் முழுமையாக வந்து சேர்ந்தது, வழியில் ஒரு பெட்டியும் அறுந்து நிற்கவில்லை என்று நிலையத்தார் கொள்வர். அதே போல் ஓர் அட்டையில் எழுதி எங்கள் கடைசி வண்டியில் கட்டினோம். பஞ்சர் சாமானும் மருந்துப் பெட்டியும் அதில் ஏற்றப்பட்டன. ஒவ்வொரு தங்குமிடத்திலும் அந்த அட்டையைக் காணும் வரை ஒருவரும் நகரக் கூடாது. கால் மணிக்குள் வராவிட்டால் ஒரு வண்டி திரும்பிச் சென்று பார்க்க வேண்டும்.

காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். மாமாவின் வண்டியில் மாமி முன்னே, நாங்கள் இருவர் பின்னே. லோனாவலாவில் இட்லிப் பொட்டலம் பிரிந்தது. வாயியில் கிருஷ்ணை நதியைக் கண்டு, வரிசை கட்டிப் பஸர்ணி ஏறினோம். வளைவு ஒவ்வொன்றிலும் ஊரும் வயலும் கீழே சிறுத்துக்கொண்டே போயின. பாஞ்ச்கனியின் மேசை போன்ற பாறைத் திடலில் பிள்ளைகள் ஓடி விளையாடினர். வழியெங்கும் புதிதாகப் பறித்த ஸ்டிராபெரிப் பழங்களைக் கூடையில் விற்றனர்.

பழைய மகாபலேஷ்வரில் ஐந்து நதிகள் பிறப்பதாகப் போற்றப்படும் கோயில் உள்ளது. ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழியும் மலையல்லவா? அங்கே பிறக்கும் கிருஷ்ணையின் நீர் தெலுங்கு கங்கைக் கால்வாய் வழியே 1996 முதல் சென்னைக்கும் செல்கிறது. "நம் அக்கா வீட்டுக் குழாயில் வருவது இந்தத் தண்ணீரா!" என்று மாமி இரு கைகளாலும் அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மறுநாள் அம்பேனளி இறக்கம். மாமா இரண்டாவது கியரை விட்டு மாறவேயில்லை. ஒருபுறம் செங்குத்துப் பாறை, மறுபுறம் சாவித்திரி நதியின் பள்ளத்தாக்கு. தொலைவில், 1659-இல் சிவாஜி மன்னர் அப்சல்கானை எதிர்கொண்ட பிரதாப்கட் கோட்டை நீலமாய்த் தெரிந்தது. கோட்டைக்குப் பிரியும் சாலையில் வண்டிகளை நிறுத்தி எண்ணினோம். ஐந்து வந்தன. எல்.வி. வரவில்லை.

ஐந்து நிமிடம், பத்து நிமிடம். பஜ்ஜிக் கடை அங்கும் இருந்தது. ஒருவரும் அதன் பக்கம் போகவில்லை. எல்லார் கண்ணும் மேல் வளைவிலேயே இருந்தது. பதினைந்து நிமிடம் ஆனதும், யாரும் சொல்வதற்கு முன் வண்டியைத் திருப்பியவர் மால்ஷேஜில் விபத்துக்குள்ளான அந்தத் தம்பியே. அவர் சென்ற சிறிது நேரத்தில் இரு வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி வந்தன. ஒரு பிள்ளைக்குத் தலைசுற்றி வாந்தியாம். எலுமிச்சம்பழம் கொடுத்துச் சற்று உட்கார வைத்திருந்தார்கள். வேறொன்றுமில்லை.

பிள்ளைகள் கைதட்டினர். அந்தத் தம்பியின் மனைவி மட்டும் எங்கள் வீட்டம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்றைக்கும் இப்படி எண்ணியிருந்தால் நன்றாயிருந்திருக்கும், அக்கா" என்றாள். நாங்கள் பதில் சொல்ல இயலாமல் தலைகுனிந்தோம்.

மாலை விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சற்றுப் பின்னர் ஆறு வண்டிகளும் கல்யாண் சேர்ந்தன. அட்டவணையில் எழுதியதைவிட ஒன்றரை மணி தாமதம். அதைப் பற்றி ஒருவரும் முறையிடவில்லை. சொந்த ஊரை விட்டுத் தொலைவில் வாழும் நமக்கு, ஆபத்தில் திரும்பிப் பார்க்க அண்ணன் தம்பியர் பக்கத்தில் இல்லை. உடன் வருகிறவர்களே நம் உறவினர். ஆகவே அன்பர்களே, கூடிப் புறப்படும்போது கட்டுச்சோற்றுடன் ஓர் அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். அதைக் கடைசி வண்டியில் கட்டி, அது வந்து சேரும் வரை காத்திருங்கள்.